வெள்ளை ஸ்டாக்கிங்ஸ்

ஜூன் 17, திங்கள்

காலையில் கடை திறந்ததும் ஒரு கல்யாண பேனர், ஒரு கண்ணீர் அஞ்சலி. இறந்துபோனவர் வாய் கொள்ளாமல் சிரிக்கிறார். கல்யாண மாப்பிள்ளை முறைத்துக்கொண்டு நிற்கிறார். படங்களை மாற்றி ஒட்டினால் இரண்டுமே பொருத்தமாக இருக்கும். ஆனால் உதை யார் வாங்குவது?

பதினொரு மணிக்கு ஏழுகடை ஹாக்கி கிளப்பிலிருந்து மூக்கையா அண்ணாச்சியும் குருநாதன் அண்ணாச்சியும் வந்தார்கள். இருவரும் வாழ்க்கையில் ஒருநாள்கூட மட்டையைப் பிடித்து ஆடியதில்லை. ஆனால் கோவில்பட்டியில் நடந்த எந்த மேட்சையும் விட்டதில்லை. ஆகஸ்டில் கிளப்புக்கு ஐம்பது வயதாகிறது. மைதான வாசலில் இருபதடி பேனர் வைக்க வேண்டுமாம். 'எக்காலத்துக்கும் சிறந்த கேப்டன்' என்று ஒரே ஒருவருடைய படம். அந்த ஒருவர் யார் என்பதுதான் முடிவாகவில்லை.

"தாயி, பால்வண்ணன் படத்தப் போட்டுரு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார் மூக்கையா அண்ணாச்சி.

"எந்த ஊரு நியாயம் வே இது? எட்டு வருசத்துல ஒத்த கப்பு வாங்குன ஆளு சிறந்த கேப்டனா? இருதயராஜ் அஞ்சு கப்பு வாங்கியிருக்கான்" என்றார் குருநாதன் அண்ணாச்சி.

"கப்ப எண்ணிக் கேப்டனச் சொல்ல இதென்ன பாத்திரக் கடையா?"

ஒரு மணி நேரம் சண்டை. இரண்டு முறை டீ வாங்கிக் கொடுத்தேன்.

பால்வண்ணன் என் அப்பா. நானும் அவரும் பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதனால் யார் படம் என்றாலும் எனக்கு ஒன்றுதான். இதை எழுதிவைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஜூன் 19, புதன்

அப்பாவைப் பற்றி டைரியில் எழுதுவதில்லை என்று ஒரு வைராக்கியம். இன்று மட்டும் விதிவிலக்கு.

ஏழுகடை அணியில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோருக்கும் கறுப்பு ஸ்டாக்கிங்ஸ், கேப்டனுக்கு மட்டும் வெள்ளை. அப்போது கரிசல் மண் மைதானம்தான். சாயங்காலம் ஆட்டம் சூடு பிடித்தால் புழுதி இடுப்பு வரை எழும்பும், யார் எவர் என்று தெரியாது. வெள்ளைக் கால் எங்கே ஓடுகிறதோ அங்கே பந்தைத் தள்ளுவார்கள். எனக்கு அப்பாவின் ஆட்டம் என்றால் புழுதிக்குள் தனியாக ஓடும் இரண்டு வெள்ளைக் கால்கள்தான் ஞாபகம்.

1986 இறுதி ஆட்டம். எனக்கு ஐந்து வயது, அம்மாவின் இடுப்பில் இருந்தேன். பெங்களூர் அணியோடு ஒன்றுக்கு ஒன்று. கடைசி மூன்று நிமிடத்தில் அப்பா ஒரு கோல் போட்டார். அம்பயர் விசில் ஊதிவிட்டார். ஊரே எழுந்து துண்டை வீசுகிறது. அப்போது அப்பா அம்பயரிடம் ஓடிப்போய், "சார், அடிக்கிறதுக்கு முன்னால பந்து என் கால்ல பட்டுச்சு" என்றார். பந்து காலில் பட்டால் கோல் செல்லாது. அடித்தவரே சொல்லும்போது அம்பயருக்கு என்ன வந்தது? கோலை ரத்து செய்தார். அடுத்த நிமிடம் பெங்களூர்க்காரர்கள் கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்று எங்கள் வீட்டு ஓடு நான்கு கல்லெறியில் உடைந்தது. பத்து வருஷம் கழித்து அதே ஊர், "சத்தியவான்யா பால்வண்ணன்" என்று பேச ஆரம்பித்தது. பட்டது இடது காலா, வலது காலா என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். குருநாதன் அண்ணாச்சி கட்சி மட்டும், பந்து யார் காலிலும் படவே இல்லை, பெரிய மனிதன் என்று பேர் வாங்குவதற்காக அப்பா கோப்பையைத் தொலைத்தார் என்கிறது.

ஜூன் 20, வியாழன்

நல்ல காற்று. வாசலில் கட்டியிருந்த கவுன்சிலர் பேனர் கிழிந்து எதிர்வீட்டு முருங்கையில் போய் உட்கார்ந்தது. நாள் முழுக்கக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

ஜூன் 22, சனி

மூக்கையா அண்ணாச்சி மூச்சு வாங்க ஓடிவந்தார். பழைய ஸ்டூடியோ ஒன்றைக் காலி செய்தபோது 1986 ஆட்டத்தின் நெகட்டிவ் கிடைத்ததாம். கோல் விழுவதற்கு முந்தைய நொடி. அந்தக் காலத்தில் பிரிண்ட் போடாமலே விட்டிருக்கிறார்கள். தோற்ற ஆட்டத்தின் படத்தை யார் வாங்குவார்கள்?

வெயிலில் தூக்கிப் பிடித்து விரல் நகத்தால் காட்டினார்.

"பாரு தாயி. பந்து. பந்த ஒட்டி ஒரு கால். வெள்ளக் கால்! ஒங்கப்பன் காலு! குருநாதன் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பான்னு பாக்கேன்."

"பெருசு பண்ணிப் பாத்தாத்தான் தெரியும் அண்ணாச்சி" என்று வாங்கி வைத்தேன். மேசை டிராயரில் இருக்கிறது.

ஜூன் 24, திங்கள்

இன்னும் அந்த நெகட்டிவைத் தொடவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிக்கொள்கிறேன். மதியம் கரண்ட் இல்லாமல் இரண்டு மணி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கண் அசந்துவிட்டது. கனவில் மைதானம் முழுக்கப் பால் நிறத்தில் புழுதி. சத்தமே இல்லை. பந்து ஒன்று தரையிலிருந்து சாண் உயரத்தில் அப்படியே நிற்கிறது, விழவும் இல்லை, போகவும் இல்லை. அதைச் சுற்றி வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் மட்டும் நடக்கின்றன. உள்ளே ஆள் இல்லை. நான் அவற்றின் பின்னால் போகிறேன், அவசரமே இல்லாமல்.

விழித்தபோது பயமாக இருந்தது. எனக்கு ஏழு வயதிலிருந்து பதினொன்று வரை வலிப்பு இருந்தது. வருவதற்கு முன்னால் உலகம் இப்படித்தான் மெதுவாகும், ஓரங்களில் வெளிச்சம் கசியும். அது எனக்குப் பிடிக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை. பதினொன்றோடு நின்றுபோனது. இன்று வந்தது வெறும் தூக்கம்தான்.

எழுத ஆரம்பித்தாயிற்று, இதையும் எழுதிவிடுகிறேன். இருபத்து நாலு வயதில் அருப்புக்கோட்டையில் எனக்கு மாப்பிள்ளை நிச்சயமாயிற்று. ஒரே ஒரு முறை பார்த்தோம். "உங்க பேரு உலகம்மையா? அப்ப நான் எங்க போறது?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் மிதந்தேன். பத்திரிகை அச்சடித்த பிறகு, அவர்கள் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். யாரோ வலிப்பு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

"யார் சொன்னது?" என்று வீட்டில் நின்று கத்தினேன். அப்பா, "நான்தான் சொன்னேன்" என்றார். அம்மா அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குச் சத்தியவானாக இருக்க வேண்டியதுதான், அதற்கு என் கல்யாணமா கிடைத்தது? "இனி என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்றேன். அந்த வாரமே சாத்தூரில் சித்தப்பா வீட்டு மாடிக்குப் போய்விட்டார். அம்மா என்னோடு இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் இறந்துபோனபோது அப்பா வந்து, தெருவிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார்.

ஜூன் 26, புதன்

கிளப்பில் ஓட்டெடுப்பு. நாற்பத்தாறு பேர். இருபத்து மூன்று, இருபத்து மூன்று. மூன்று முறை எண்ணினார்களாம்.

சாயங்காலம் மொத்தக் கூட்டமும் என் கடை வாசலில். முடிவு ஓட்டு என்னுடையதாம். சொன்னது குருநாதன் அண்ணாச்சி.

"அவ அப்பனோட பேசாதவ. அவள விட நடுநிலையான ஆளு இந்த ஊர்ல யாரு இருக்கா?"

மூக்கையா அண்ணாச்சிக்கு உள்ளூரச் சந்தோஷம். நெகட்டிவ் என்னிடம்தானே இருக்கிறது. அடுத்த புதன்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். யாருக்கும் கிடைக்காத நடுநிலை எனக்கு எப்படி வாய்த்திருக்கிறது பார்.

ஜூன் 27, வியாழன்

காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நெகட்டிவை வெளிச்சப் பெட்டியில் வைத்துப் படம் எடுத்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பெரிதாக்கப் பெரிதாக்கப் புள்ளி புள்ளியாய்ப் புழுதி. திரை முழுவதும் ஒரு சாம்பல் நிறத் தூக்கம் மாதிரி இருந்தது. அதற்குள் பந்து தெரிந்தது. பந்தை அழுத்திக்கொண்டு ஒரு கால். மூக்கையா அண்ணாச்சி சொன்னதேதான், வெள்ளைக் கால்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கறுப்பு வெள்ளையாகத் தெரியும், வெள்ளை கறுப்பாகத் தெரியும். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஆனாலும் நிறத்தைத் திருப்பும் பட்டனை அழுத்தும்வரை எனக்கும் உறைக்கவில்லை.

அழுத்தினேன். வெள்ளைக் கால் கறுப்பாகிவிட்டது.

கறுப்பு ஸ்டாக்கிங்ஸ். அப்பா அங்கே இல்லவே இல்லை. அவருடைய வெள்ளைக் கால்கள் இரண்டு கை தூரத்தில், மட்டையை ஓங்கிக்கொண்டு நிற்கின்றன. பந்து பட்டது வேறொருவர் காலில். பட்டு, அப்பாவிடம் உருண்டு போயிருக்கிறது. மேலே நகர்த்திப் பார்த்தேன். மெல்லிய மீசை, பாதி முகம். பதினெட்டு வயது இருதயராஜ்.

அந்த வருஷம் அவரைப் பார்த்து வேலைக்கு எடுக்கத்தான் ரயில்வே ஆட்கள் கேலரியில் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஜூன் 28, வெள்ளி

கடை திறக்கவில்லை.

ஜூன் 29, சனி

ஒரே ஒரு கேள்விதான் நேற்றிலிருந்து. அந்த மனிதர் ஒரு முறை இப்படி அடுத்தவர் பழியை ஏற்றிருந்தால், இன்னொரு முறையும் செய்திருப்பாரா?

2005இல் கல்யாணம் நின்றுபோன அந்த வாரம். மில்லில் உடன் வேலை பார்த்தவருக்குக் கால் முறிந்து, அப்பாதான் இரண்டு ஷிப்டும் பார்த்தார். தூங்க மட்டும் வீட்டுக்கு வருவார். எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. அவர் எப்போது அருப்புக்கோட்டை போனார்? அந்தக் கேள்வியை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அம்மா போனாள். வெள்ளிக்கிழமை, முகூர்த்தப் புடவை பார்க்க. வெறுங்கையோடு வந்து, "ஒண்ணும் புடிக்கல தாயி" என்றாள். அருப்புக்கோட்டையில் அம்மாவுக்கு ஒரு புடவைகூடப் பிடிக்கவில்லையாம். நானும் நம்பினேன்.

கடைசி நாட்களில், "ஒங்கப்பா பாவம் தாயி" என்றாள். "அவரா பாவம்?" என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அம்மா மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. புகுந்த வீட்டில் நான் ஒருநாள் விழுந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போனால்? அந்தப் பயத்தில் சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டு என்னிடம் சொல்லத் தைரியம் வந்திருக்காது. இருவரில் ஒருவரை நான் வெறுக்கத்தான் போகிறேன் என்று அப்பா கணக்குப் போட்டிருக்கிறார். எனக்கு அம்மா வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்.

இது என் ஊகம். ஊகம் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் அழுதது ஊகம் இல்லை.

ஜூலை 1, திங்கள்

இருதயராஜ் சார் கடைக்கு வந்தார். ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர், எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை. இன்று ஒரு பக்கம் காலர் மடங்கியிருந்தது. பள்ளிக்கூட ஆண்டுவிழா நோட்டீஸ் அடிக்கக் கேட்பவர் போல ஓரமாக நின்றார்.

"நெகட்டிவ் கெடச்சிருக்காமே."

"ஆமா சார்."

"தெளிவா இருக்கா?"

"இருக்கு சார்."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அன்னிக்கே சொல்லப் போனேன்மா. உங்கப்பா என் சட்டையப் புடிச்சுட்டாரு. 'வாயத் தொறந்தா மட்டையாலயே அடிப்பேன். காலைல ரயில்வேக்காரங்க வரச் சொல்லியிருக்காங்க, போய் நில்லு'ன்னாரு. 'பேசாம இருந்து கோலையாவது காப்பாத்தியிருக்கலாமேண்ணே'ன்னு கேட்டேன். 'பட்டது பட்டதுதானல. டீம்ல எவன் கால்ல பட்டாலும் அது கேப்டன் காலுதான்'னாரு."

வெளியே காற்று ஒரு பேனரைத் தூக்குவதும் விடுவதுமாக இருந்தது.

"விழாவுல மேடையேறி நான் சொல்லிடுறேன். எனக்கு அந்தப் படம் வேண்டாம்மா."

சொல்லட்டும் என்று ஒரு நொடி மனசு துள்ளியது. ஊரே அப்பாவைத் தலையில் வைத்து ஆடும். அப்பாவும் அதைக் கேட்பார். கேட்டுவிட்டுச் சாத்தூர் மாடியில் தலையில் கைவைத்து உட்காருவார். அதுவும் தெரிந்தது.

"முப்பத்தெட்டு வருசமா அவர் பொத்தி வச்சிருக்காரு சார். நீங்களா போய்ப் போட்டு உடைக்கப் போறீங்க?"

"அப்ப நான் என்னம்மா செய்யணும்?"

"நல்லாச் சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ குடுங்க சார். பேனருக்கு வேணும்."

அவர் அழுதார். ஐம்பத்தாறு வயது ஆண்பிள்ளை அழுவதை அருகிலிருந்து பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது. நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, திறக்காத ஃபைலைத் திறப்பதுபோல் மௌஸை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 3, புதன்

காலையில் லேமினேஷன் மெஷினைச் சூடாக்கினேன். நெகட்டிவை உறை இல்லாமல் வெறுமனே உள்ளே விட்டேன். சுருண்டு, கருகிய வாடையோடு மறுபக்கம் வந்தது. கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தேன். அழிப்பதற்கு முன்னால் அந்த வெள்ளைக் கால்களை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து இன்னும் அவரிடம் வரவில்லை. அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அந்த நொடியிலேயே கொஞ்சம் இருந்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள்.

"நெகட்டிவ் எங்க தாயி?"

"மெஷின்ல மாட்டி உருகிட்டு அண்ணாச்சி. என் தப்புதான்."

'என் தப்புதான்' என்று சொல்வது இவ்வளவு லேசாக இருக்கும் என்று தெரியாது. மூக்கையா அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

"போகுது. ஓட்டச் சொல்லு" என்றார் அவரே.

"இருதயராஜ் சார்" என்றேன்.

குருநாதன் அண்ணாச்சி கை தட்டப் போனார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மூக்கையா அண்ணாச்சிக்குக் கண் சிவந்துவிட்டது.

"பெத்த அப்பனுக்கு ஒத்த ஓட்டுப் போட ஒனக்கு மனசு வரல. நெகட்டிவையும் நீ வேணும்னேதான் எரிச்சிருப்ப. ஒன்ன மாதிரி நெஞ்சழுத்தக்காரிய நான் பாத்ததில்ல. இனி இந்தக் கடப் படி மிதிக்க மாட்டேன்."

பாதி உண்மைதானே. அவர் போவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. என் அப்பாவுக்காக ஒருவர் இவ்வளவு கோபப்படுகிறார்.

ஜூலை 7, ஞாயிறு

சாத்தூர். சித்தப்பா வீட்டு மாடி அறைக்கதவு திறந்தே கிடந்தது. அப்பா ஸ்டவ்வில் ரசம் வைத்துக்கொண்டிருந்தார். மெலிந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைக்க இடம் தேடி, கிடைக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டார்.

"வா" என்றார். "உக்காரு."

உட்காரவில்லை. பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வார்த்தை எதுவும் வரவில்லை.

"அருப்புக்கோட்டைக்காரங்ககிட்ட யாருப்பா சொன்னது?"

"நான்தான்." மூச்சு விடுகிற இடைவெளிகூட இல்லை.

"என்னைக்குப் போனீங்க?"

"போனேன், ஒருநாளு."

"அந்த வாரம் பூரா நீங்க மில்லுலதான இருந்தீங்க? அம்மாதான்…"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அவசரமாக. "அவள ஒண்ணும் சொல்லாத. நான்தான் சொன்னேன்."

ஊரே சத்தியவான் என்று கொண்டாடும் மனிதர் என் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னார். கண் அசையவில்லை, குரல் நடுங்கவில்லை. கரண்டியிலிருந்து ரசம் மட்டும் காலில் சொட்டிக்கொண்டிருந்தது, அது சுடுவதுகூட அவருக்குத் தெரியவில்லை. இருபத்து நாலு வயதில் இதே முகத்தைப் பார்த்துத்தான் நான் நம்பினேன்.

"ஆமாப்பா. நீங்கதான் சொன்னீங்க. போகட்டும்" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் நம்புகிறேனா என்று தேடியிருப்பார். நானும் அவர் பெண்தான், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கி அடுப்பை அணைத்தேன்.

சோறு போட்டுக் கொடுத்தார். உப்பே இல்லை. சாப்பிடும்போது, "கிளப்புல விழாவாமே. பேனர்ல யாரு?" என்றார்.

"இருதயராஜ் சார்."

அவர் முகம் மலர்ந்த அழகை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "நல்ல பிளேயரு. நல்ல முடிவு" என்றார். "யாரு முடிவு பண்ணா?"

"நான்தான்பா."

அப்பா என் தட்டில் இன்னும் ஒரு கை சோறு வைத்தார்.

மூன்று மணி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. சாலையின் இரண்டு பக்கமும் கரிசல் காடு, புழுதி, தூக்கம் வருகிற மாதிரி வெயில். கண்டக்டர் வந்து எத்தனை என்று கேட்டார். தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிவிடாமல், "கோவில்பட்டி, ரெண்டு" என்று மெதுவாகச் சொன்னேன்.